விளையாட்டு வினையாகட்டும்



இந்தத் தடவை பழைய தபால் கதை எதுவும் இல்லை. ஒரு சண்டை போட வந்திருக்கிறேன். பாதிச் சண்டை என் வயதுக்காரர்களோடு. மீதிப் பாதி நம் பேரப்பிள்ளைகளோடு.

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சுக் காதில் விழும். "போனை நோண்டினா துறைமுகம் நின்னுடுமா? இவனுங்க வீடியோ போடுவானுங்க, கேம் ஆடுவானுங்க. இதுக்குப் பேரு போராட்டமாம்." சொல்கிறவருக்கு அறுபத்தைந்து, எழுபது வயது இருக்கும். அந்தப் பக்கம் திண்ணையில் இருக்கும் பையன்களோ, "தாத்தா, நேத்து நம்ம ஹேஷ்டேக் ட்ரெண்டிங் ஆச்சு தெரியுமா?" என்று, வலை நிறைய வெள்ளை இறால் விழுந்த மாதிரி சந்தோஷப்படுகிறார்கள்.

இரண்டு பேரும் தப்பு. பெரியவர் எதைப் பழிக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. பையன் எதை ஜெயித்தான் என்று அவனுக்கும் தெரியவில்லை. விளையாட்டு வினையாகும் என்று நம் வீட்டில் பயமுறுத்துவார்கள். வினையாகட்டும் என்றுதான் நான் சொல்கிறேன். ஆனால் அது எப்போது வினையாகும், எப்போது வெறும் விளையாட்டாகவே நின்றுபோகும் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் பெரியவர்களுக்கு. விளையாட்டை வைத்துப் போராடுவது இந்தக் காலத்துப் பையன்கள் கண்டுபிடித்ததா? 2017 ஜனவரியை அதற்குள் மறந்துவிட்டோமா? ஜல்லிக்கட்டு என்பது என்ன, வீரம், பண்பாடு என்று எத்தனை பேர் வைத்தாலும் அடிப்படையில் ஒரு விளையாட்டுத்தானே. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. இரண்டு பொங்கல் போனது. மூன்றாவது பொங்கலில் அலங்காநல்லூரில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்திய செய்தி போன் வழியாகப் பரவி, ஜனவரி 17 அன்று மெரினாவில் கூட்டம் சேர்ந்தது. மேடை கிடையாது, தலைவர் கிடையாது, லாரியில் ஆள் ஏற்றி வரவில்லை. ராத்திரி கரண்டை நிறுத்தியபோது கையில் இருந்த போனின் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தக் காட்சியை டிவியில் பார்த்துவிட்டு, "நம்ம பசங்களா இவங்க?" என்று கண் கலங்கியவர்களில் இன்றைக்கு டீக்கடையில் நக்கல் அடிக்கிறவர்களும் உண்டு. நான்கே நாளில், ஜனவரி 21இல், அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது.

போன் கூப்பிட்டது, கூட்டம் வந்தது, சட்டம் மாறியது. இதை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அதே 23ஆம் தேதி இன்னொன்றும் நடந்தது. அதை நம் கரையோரத்துக்காரர்கள் மறக்கக் கூடாது. காலையில் போலீஸ் மெரினாவைக் காலி செய்யத் தொடங்கியதும், அடிபட்ட பிள்ளைகள் ஓடிப் புகுந்த இடம் எது? பக்கத்தில் இருந்த மீனவக் குப்பங்கள். நடுக்குப்பத்தில் இருந்தவர்கள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கே நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தது. மாட்டைப் பிடிக்கும் விளையாட்டுக்கும் மீன் விற்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அடைக்கலம் கொடுத்தாள், கடை போனது.

இதில் எனக்கு இரண்டு பாடம் உண்டு. ஒன்று, அன்றைக்கு நடந்தது வெளியே தெரிந்ததே போனால்தான். போலீஸ் உடுப்பில் இருந்தவர்களே வண்டிக்குத் தீ வைப்பது போலக் காட்டிய வீடியோக்கள் ஊர் முழுக்கச் சுற்றின. பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணையம் போடப்பட்டது. முப்பது வருடத்துக்கு முன்னால் இதே நடந்திருந்தால் பேப்பரில் நான்கு வரி வந்து முடிந்திருக்கும். இரண்டாவது, போன் கூப்பிட்ட கூட்டம் வீட்டுக்குப் போய்விடும், ஆனால் கரையில் இருக்கிறவன் கரையில்தான் இருப்பான். கூப்பிடுகிறவன் ஒருத்தன், அடி வாங்குகிறவன் இன்னொருத்தன் என்று ஆகிவிடக் கூடாது. போனில் போராடுகிற பிள்ளைகள் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது 2023 மே 18 அன்று. மெரினாவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவில் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் வேலை செய்தது வக்கீல்களும் காகிதமும். ட்ரெண்டிங் நான்கு நாள், ஃபைல் ஆறு வருடம். கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் கதையும் இப்படித்தான். தெர்மாமீட்டர் கம்பெனியின் பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001இல் அந்த ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் நஷ்ட ஈடு கேட்டு வருடக்கணக்காக அலைந்தார்கள், 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் ஓர் அமெரிக்கப் பாட்டின் மெட்டில் கம்பெனியைக் கிண்டல் செய்து பாடி யூடியூபில் போட்டார். சில நாளில் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது.

பாட்டு ஜெயித்தது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. பாட்டு மட்டுமா? பதினைந்து வருடம் மெடிக்கல் சர்டிபிகேட்டையும் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தார்களே தொழிலாளர்கள், அவர்கள் இல்லாவிட்டால் பாட்டு யாரைப் பற்றிப் பாடியிருக்கும்? அதே சமயம் பாட்டு வராமல் இருந்திருந்தால் அந்த ஃபைல் இன்னும் எத்தனை வருடம் தூங்கியிருக்குமோ. மூட்டையைச் சுமக்கிறவனும் வேண்டும், மணி அடிக்கிறவனும் வேண்டும். தபால் இலாகாவில் இருந்தவனுக்கு இது புரியும். அந்தக் காலத்து ரன்னர் ஈட்டியில் சலங்கை கட்டிக்கொண்டு ஓடுவான். சலங்கைச் சத்தத்துக்குக் காட்டு விலங்கு விலகும், ஜனங்கள் வழி விடுவார்கள். ஆனால் தோளில் தபால் பை இல்லாமல் சலங்கை மட்டும் ஓடினால் அதற்கு என்ன அர்த்தம்?

"சரி, பாட்டு, வீடியோ எல்லாம் ஒத்துக்கிறேன். கம்ப்யூட்டர் கேம்ல என்ன போராட்டம்?" என்று கேட்பீர்கள். எனக்கும் இதைச் சொல்லித் தந்தது பேரன்தான். 2020இல் கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. ஹாங்காங்கில் அதற்கு முந்தைய வருடம் தெருவை நிறைத்த இளைஞர்களால் வெளியே கூட முடியவில்லை. 'அனிமல் கிராஸிங்' என்று ஒரு குழந்தைகள் விளையாட்டு. ஆளுக்கொரு தீவு, அதில் வீடு கட்டலாம், செடி நடலாம், மீன் பிடிக்கலாம். அவர்கள் அந்தத் தீவுக்குள் போய்க் கோஷ அட்டைகளை நட்டு, அங்கேயே கூடி நின்றார்கள். அந்த ஏப்ரலில் சீனாவின் ஆன்லைன் கடைகளில் இருந்து அந்த விளையாட்டே காணாமல் போனது. ஒரு பொம்மைத் தீவைப் பார்த்து இவ்வளவு பெரிய அரசாங்கத்துக்குப் பதற்றம்!

அதே வருடம் மார்ச்சில், 'எல்லைகளற்ற நிருபர்கள்' என்ற பத்திரிகையாளர் அமைப்பு 'மைன்கிராஃப்ட்' என்ற கட்டை அடுக்கும் விளையாட்டுக்குள் ஒரு பெரிய நூலகத்தையே கட்டியது. எகிப்து, சவுதி அரேபியா, வியட்நாம் போன்ற நாடுகளில் தணிக்கைக்கு ஆளான கட்டுரைகளை அதில் வைத்தார்கள். இணையதளத்தை மூடும் அரசாங்கம் குழந்தைகள் விளையாட்டை மூட மறந்துவிட்டது. அந்த இடைவெளியில் புகுந்தார்கள்.

ஹாங்காங்குக்குப் போவானேன், சென்னை பெசன்ட் நகரிலேயே இருக்கிறது உதாரணம். 2019 டிசம்பர் 29, மார்கழி மாதம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று தெருவில் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தப் படம் போனில் பரவ, மறுநாள் ஊர் ஊராக வாசலில் அதே கோலம். பெரிய கட்சித் தலைவர்கள் வீட்டு வாசலில்கூட. அரிசி மாவில் நான்கு எழுத்து. அதற்கு லத்தி எடுக்க முடியுமா? எடுத்தால் பார்க்கிறவன் சிரிப்பான். விளையாட்டுப் போராட்டத்தின் பலம் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. கோஷம் போட்டால் என்ன செய்வது என்று அதிகாரத்துக்குத் தெரியும், நூறு வருடப் பழக்கம். கோலத்துக்கும் பாட்டுக்கும் பொம்மைத் தீவுக்கும் அதனிடம் மருந்து கிடையாது.

ஆகவே பெரியவர்களே, "விளையாட்டு" என்று சொல்லி ஒதுக்காதீர்கள்.

இப்போது பிள்ளைகளே, உங்கள் பக்கம் வருகிறேன். நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

காட்டுப்பள்ளித் துறைமுகம் இப்போது இருப்பது சுமார் 330 ஏக்கரில். 2018இல் எல் அண்ட் டி கம்பெனியிடம் இருந்து அதானி குழுமம் வாங்கியது. அதை 6,111 ஏக்கராக விரிக்க வேண்டும் என்பது திட்டம். அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. இப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 25 மில்லியன் டன் சரக்கு கையாளும் இடத்தில் 320 மில்லியன் டன். செலவு 53,000 கோடி ரூபாய் அளவில். காட்டுப்பள்ளி என்பது நமக்கும் கடலுக்கும் நடுவில் படுத்திருக்கும் மணல் தீவு. அந்தப் பக்கம் வங்கக் கடல், இந்தப் பக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகமும் நம் ஏரியும். அந்த மணல்தான் நமக்குச் சுவர். சுவரில் கை வைத்தால் வீடு என்ன ஆகும் என்று நம்மில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2021 ஜனவரி 22 அன்று பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். குப்பங்கள் எழுந்தன, சென்னையில் இருந்து இளைஞர்கள் சேர்ந்தார்கள், போனில் பழவேற்காடு பழவேற்காடு என்று முழங்கியது. கூட்டம் தள்ளிப்போனது. மறுபடி 2023 செப்டம்பர் 5 என்றார்கள். மறுபடி எழுந்தோம், மறுபடி தள்ளிப்போனது. இரண்டு தடவையும் பட்டாசு வெடிக்காத குறை.

பிள்ளைகளே, தள்ளிவைப்பு வேறு, ரத்து வேறு. தபாலில் "டோர் லாக்ட்" என்று எழுதித் திருப்பி எடுத்துப் போனால் கடிதம் ஒழிந்துபோனதாக அர்த்தமா? மறுநாள் போஸ்ட்மேன் மறுபடி கதவைத் தட்டுவார். கதவைத் தட்டும்போது நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கருத்துக் கேட்பு நடப்பது 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் பத்திரிகையில் விளம்பரம் தர வேண்டும். பேப்பர் போகாத ஊரில் பறை அடித்தாவது சொல்ல வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. திட்ட அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வைக்க வேண்டும். கலெக்டரோ அவர் அனுப்பும் உயர் அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். மக்கள் சொன்னதை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டி, ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். நேரில் வர முடியாதவர் எழுத்திலும் கொடுக்கலாம்.

இன்னொரு வரி இருக்கிறது. அதைக் கொட்டை எழுத்தில் அடித்து ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை. கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கு எதுவும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடக்கும். நாம் கோபத்தில் புறக்கணித்தாலும் நடக்கும். நம் ஹேஷ்டேக் உலக அளவில் முதலிடத்தில் இருந்தாலும், அந்தப் பந்தலுக்குள் பேசியதும் எழுதிக் கொடுத்ததும் மட்டும்தான் ஃபைலில் ஏறும். லைக் ஏறாது. ஷேர் ஏறாது.

மனு ஆகாத பதிவு காற்றில் போனது. இதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. முப்பத்து மூன்று வருடம் தபாலில் இருந்தவன் சொல்கிறேன். ஒரு அலுவலகத்துக்கு நூறு பேர் போய் வாசலில் கத்திவிட்டு வருவார்கள், ஒருத்தர் ரிஜிஸ்டர் தபால் போட்டு ஏ.டி. கார்டை வாங்கிப் பெட்டியில் வைப்பார். இரண்டு வருடம் கழித்து "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்று அந்த அலுவலகம் சொல்லும்போது, அந்த நூறு பேரின் குரல் எங்கே? அந்த ஒரு மஞ்சள் கார்டில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்ப்தான் பேசும். அந்த ரிஜிஸ்டர் தபாலையே 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி என்ற அந்தச் சங்கதி எந்தக் காலத்திலும் சாகாது.

போனால் இதைச் செய்ய முடியாதா? முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2020இல் அந்த 2006 அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய வரைவு ஒன்று வந்தது. 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைக்கலாம் என்றது. கொரோனா நேரம், கூட்டம் போட முடியாது, வரைவும் முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அப்போது இந்தியா முழுக்கப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? "எதிர்க்கிறோம்" என்று பதிவு போட்டதோடு நிற்கவில்லை. ஆட்சேபணையை எப்படி எழுதுவது, எந்த ஈமெயிலுக்கு அனுப்புவது என்று படம் வரைந்து விளக்கினார்கள், தமிழில் வீடியோ போட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேலான ஆட்சேபணைகள் அமைச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நடுவில் சில இளைஞர் அமைப்புகளின் இணையதளங்கள் முடக்கப்பட்டன. வரைவை எல்லா மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வரைவு அப்படியே சட்டமாக வரவில்லை. அதில் இருந்த சில சங்கதிகளைச் சிறு சிறு உத்தரவாகக் கொண்டுவந்தார்கள் என்பதும் உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பதிவு மனுவானதால் அது எண்ணிக்கையில் ஏறியது.

போனை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் ஸ்விட்ச் நம் கையில் இல்லை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் இறந்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். எந்த நேரத்தில் போன் அதிகம் தேவையோ அந்த நேரத்தில் போன் கிடையாது. அப்போது என்ன மிச்சம்? ஊர் மிச்சம். பஞ்சாயத்துக் கூட்டம் மிச்சம். வீடு வீடாகப் போய்ச் சொல்லும் கால் மிச்சம். 2012இல் இடிந்தகரைக்காரர்கள் கூடங்குளம் அணு உலைக்கு எதிராகக் கடலில் இறங்கி நின்றபோது, படகுகளோடு போய்க் கடலில் முற்றுகை இட்டபோது, அவர்களை ஒன்றாக நிறுத்தியது அந்த ஊர்க்கட்டுதான். செய்தியை வெளியே கொண்டுபோனதில் இணையத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் தண்ணீரில் நின்றது உடம்பு.

பொய்ப் படம் விஷயத்திலும் பிள்ளைகளுக்கு ஒரு குட்டு. எங்கோ வெளிநாட்டில் செத்து மிதந்த மீன் படத்தை எடுத்து "இன்று பழவேற்காடு ஏரியில்" என்று போடுகிறார்கள். என் போனுக்கே நான்கு தடவை வந்துவிட்டது. எதிராளிக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. அந்த ஒரு படம் பொய் என்று காட்டிவிட்டால், நம் வலையில் இறால் குறைந்த உண்மைக்கணக்கும் பொய்யாகிவிடும். நம் கஷ்டத்தைக் காட்ட நம் ஏரியே போதும், கடன் வாங்க வேண்டாம்.

இனி மறுபடியும் பெரியவர்களிடம் வருகிறேன், நிஜமான சண்டை இங்கேதான்.

என் பேரன் மைன்கிராஃப்ட்டில் நம் ஊரைக் கட்டினான். லைட்ஹவுஸ் இருக்கிறது, டச்சுக்காரன் கல்லறை இருக்கிறது, ஏரி இருக்கிறது. காட்டுப்பள்ளித் தீவின் மேல் 6,111 ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, சாம்பல் நிறக் கட்டைகளால் மூடிக் காட்டினான். ஏறக்குறைய 25 சதுர கிலோமீட்டர். பேப்பரில் அந்த எண்ணைப் பத்துத் தடவை படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. பிறகு அவன் கேட்டான்: "தாத்தா, முகத்துவாரம் உங்க சின்ன வயசுல எங்க இருந்துச்சு? பாடு எந்தெந்த இடம்? எந்த மாசம் எங்க இறால் வரும்?"

அவனுடைய விளையாட்டில் ஏரி ஒரு நீலத் தகடு. ஆழம் தெரியாது, சேறு தெரியாது, ஓடை தெரியாது. நமக்குத் தெரியும். என் அப்பா கோட்டைக்குப்பத்தில் பாட்டுக்குப் போனவர். எந்த ராத்திரி யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தார்களே, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம்காரர்கள், அந்தப் பாடு முறையைப் பற்றி வெளியூர் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் நம் கையால் ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம்?

நாளைக்கு ஒரு திட்ட அறிக்கை வந்து, "இந்த இடத்தில் மீன்பிடிப்பு இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால், அதை மறுக்கும் ஆதாரம் ஹேஷ்டேக்கில் இருக்காது. எழுபது வயதுக்காரர் மூளையில் இருக்கிறது. வாடைக்காற்றில் தண்ணீர் எப்படித் திரும்பும், எந்த வருடம் முகத்துவாரம் மண் மூடியது, எந்த வருடம் திறந்தது, மடவை எங்கே ஒதுங்கும், நண்டு எங்கே குஞ்சு விடும், எல்லாம் அங்கே இருக்கிறது. அவர் டீக்கடையில் உட்கார்ந்து பையன்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் போய்விடுவார். கூடவே அந்த ஆதாரமும் போகும். இதற்குப் பெயர் என்ன? நான் சொல்லவில்லை, நீங்களே வையுங்கள்.

பாடு முறையில் எல்லோருக்கும் பங்கு இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஊருக்கும் ஊருக்கும் தகராறு வந்ததும் உண்டு. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு இன்றைக்கும் ஹேஷ்டேக்கும் இல்லை, மனு எழுதித் தர ஆளும் இல்லை. ஏரி போனால் முதலில் சோறு போவது அவர்களுக்குத்தான். நம் குப்பத்து மனுவில் அவர்கள் கணக்கு இல்லையென்றால் அந்த மனு பாதி மனு. கூடையில் மீன் சுமந்து பொன்னேரி வரை போய் விற்கும் அம்மாக்களுக்கும் இதே பேச்சுத்தான்.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு குப்பத்திலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் உட்காரட்டும். பெரியவர் சொல்லட்டும், பிள்ளை போனில் பதியட்டும். பாடு இடங்களின் பெயர், போகிற வழி, மாதம், மீன், பிடிக்கிற வலை, கிடைத்த எடை. பழைய சொசைட்டி ரசீது, படகு லைசென்ஸ், ஏல நோட்டு எது இருந்தாலும் படம் எடுக்கட்டும். அதைக் கேமில் போடட்டும், வீடியோவாகப் போடட்டும், பாட்டாகக்கூடப் பாடட்டும், உலகம் பார்க்கட்டும். கூடவே ஒரு பிரதியை வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, ஃபைல் போட்டு ஊர்ப் பஞ்சாயத்துப் பெட்டியில் வைக்கட்டும். கருத்துக் கேட்பு விளம்பரம் பேப்பரில் வருகிற அன்று அந்த ஃபைல் தயாராக இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் பேனா தேட ஆரம்பித்தால் 30 நாள் போதாது.

"கேஸ் போடுவாங்களே" என்று ஒரு பயம் உண்டு. நியாயமான பயம்தான். கூடங்குளம் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கே பாய்ந்தது. இணையத்தில் எழுதியதற்காகப் பிடித்துப்போக வசதியாக இருந்த 66ஏ பிரிவை 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அடியோடு ரத்து செய்தது என்றாலும், வேறு பிரிவுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் தன் அப்பா எந்த இடத்தில் வலை போட்டார் என்று ஒருவர் எழுதிக் கொடுப்பதற்கு எந்தப் பிரிவிலும் வழக்குக் கிடையாது. பிள்ளைகள் மட்டும் முன்னால் நின்றால் அவர்களைத் தனியாகப் பிரித்து மிரட்டலாம். வெள்ளை முடிக்காரர்கள் நாற்பது பேர் பக்கத்தில் கையில் ஃபைலோடு நின்றால் யாரை மிரட்டுவது? நமக்குப் போக வேலையா, புரொமோஷனா, பாஸ்போர்ட்டா? இழக்க ஒன்றுமில்லாத வயது, இந்த வயதுக்கு இருக்கும் ஒரே சௌகரியம் அதுதான். அதையும் டீக்கடையிலேயே செலவழித்துவிட வேண்டாம்.

சலங்கையைப் பிள்ளைகள் கட்டிக்கொண்டார்கள். தபால் பை நம் தோளில்தான் இருக்கிறது, இன்னும் காலியாக.

அடுத்த ஞாயிறு, கோட்டைக்குப்பம் பக்கம், சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஒரு நோட்டோடு உட்காரப் போகிறேன். பேரன் போனோடு வருவான். பாடு இடங்களின் பெயரில் எனக்கு ஏழு தெரியும், மீதியைச் சொல்ல ஆள் வேண்டும்.